கிளிஞ்சலும் கணக்கும்

நுழையும்முன்

அறிவியல் ஆய்வகத்தில் மட்டும் வாழ்வதன்று. அடுப்படியிலும் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் அது நாள்தோறும் செயற்படுகிறது. பழவேற்காட்டு ஏரியில் விளைந்த கிளிஞ்சல் காளவாயில் வெந்து, நீரில் நீறி, சுவரில் இறுகும் வரை கடந்துவரும் ஒவ்வொரு நிலையிலும் ஓர் எடைக்கணக்கு மறைந்து கிடக்கிறது. அக்கணக்கை வெளிக்கொணர்ந்து, வேதிவினையில் எவ்வளவு பொருள் இட்டால் எவ்வளவு பொருள் கிடைக்கும் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

ஏரியும் சுண்ணாம்பும்

திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில், வங்கக் கடலை ஒட்டி அமைந்துள்ளது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவை அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பரப்பு ஆந்திர மாநிலத்திலும் எஞ்சிய தென்பகுதி தமிழகத்திலும் உள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன; முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இவ்விடத்தில் இறாலும் நண்டும் மடவை மீனும் செழிக்கின்றன. அவற்றை நம்பியே சுற்றியுள்ள மீனவச் சிற்றூர்கள் வாழ்கின்றன. மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் இவ்வூர்களில் தொன்றுதொட்டு நிலவுகிறது. ஏரி தருவதற்கு ஓர் அளவு உண்டு என்பதை உணர்ந்தோர் வகுத்த ஒழுங்கு அது.

மீனைப்போலவே கிளிஞ்சலும் இவ்வேரியின் விளைபொருள். மட்டிகளும் ஆளிகளும் நீரில் கரைந்துள்ள கால்சியத்தை ஈர்த்துத் தமக்கு ஓடு அமைத்துக்கொள்கின்றன. உயிர் நீங்கிய பின் ஓடுகள் சேற்றில் படிகின்றன. தலைமுறை தலைமுறையாகப் படிந்த ஓடுகள் ஏரியின் அடியில் தடித்த படுகைகளாயின. அவற்றை வாரியெடுத்துச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கும் தொழில் இப்பகுதியில் நடைபெற்றது. ஏரியின் மேற்குப்புறத்தில் 'சுண்ணாம்புக்குளம்' என்ற பெயரிலேயே ஓர் ஊர் உள்ளது.

டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டு பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். இன்று பயன்படும் போர்ட்லண்ட் சிமெண்டிற்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்தைய காலத்தில் செங்கல்லைச் செங்கல்லோடு பிணைத்தது சுண்ணாம்புக் காரையே. கடற்சிப்பிச் சுண்ணாம்பை நுண்ணிதாய் அரைத்துப் பூசி, சலவைக்கல் போல் மினுங்கச் செய்த சென்னைப் பூச்சு மேலைநாட்டாரையும் வியக்கவைத்தது. 'சுண்ணம்' என்ற சொல்லே 'சுனம்' எனத் திரிந்து ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றது.

எடை எங்கே போனது?

காளவாயில் கிளிஞ்சலும் கரியும் மாறி மாறி அடுக்கப்படும். தீ மூட்டி, காற்று உட்புகச் செய்து, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் எழுப்பப்படும். ஆறிய பின் வெளியே எடுத்தால் கிளிஞ்சல் தன் வடிவம் பெரிதும் மாறாமல் வெளுத்திருக்கும். கையில் எடுத்தால் மட்டும் இலேசாக இருக்கும். தூய கிளிஞ்சல் 100 கிலோகிராம் இட்டால், நன்றாக வெந்தபின் கிடைப்பது 56 கிலோகிராம் மட்டுமே.

எஞ்சிய 44 கிலோகிராம் எங்கே? கணக்கறியாதவர், காளவாய்க்காரர் களவாடினார் என்று ஐயுறக்கூடும். அல்லது தீ தின்றுவிட்டது என்று அமையக்கூடும். இரண்டும் உண்மையல்ல.

இவ்வினாவுக்கு விடைகண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிளாக். சுண்ணக்கல்லைச் சுடுவதற்கு முன்பும் பின்பும் அவர் தராசில் நிறுத்தார். சுட்டபோது கல்லிலிருந்து ஒரு வளி பிரிந்து செல்கிறது என்றும், குறைந்த எடை அவ்வளியின் எடையே என்றும் நிறுவினார். அவ்வாய்வு 1756ஆம் ஆண்டு வெளியானது. கல்லில் நிலைகொண்டிருந்ததால் அவர் அதனை 'நிலைத்த காற்று' என்று அழைத்தார். அதுவே இன்று கார்பன் டை ஆக்சைடு எனப்படுகிறது.

பின்னர்ப் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறுவதில்லை என்பதைத் தம் 1789ஆம் ஆண்டு நூலில் தெளிவுபடுத்தினார். பொருள் வடிவம் மாறும், இடம் மாறும், அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வளியையும் கணக்கில் சேர்த்தால் வரவும் செலவும் ஒத்துவிடும். இந்த 'நிறை அழியா விதி'யே வேதிக்கணக்கு அனைத்திற்கும் அடிப்படை.

எண்ணிக்கையும் எடையும்

கிளிஞ்சல் சுடப்படும் வினையைப் பின்வருமாறு எழுதலாம்.

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

அம்புக்குறியின் இடப்புறம் இருப்பது வினைபடுபொருள். வலப்புறம் இருப்பவை விளைபொருள்கள். இருபுறமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். ஒரு கால்சியம், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன் அணுக்கள் இடப்புறம் உள்ளன. வலப்புறம் கால்சியம் ஆக்சைடில் ஒரு கால்சியமும் ஓர் ஆக்சிஜனும், கார்பன் டை ஆக்சைடில் ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் உள்ளன. ஆகவே இது சமன்படுத்தப்பட்ட சமன்பாடு.

இச்சமன்பாடு எண்ணிக்கையைப் பேசுகிறது. தராசோ எடையைப் பேசுகிறது. இவ்விரு மொழிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராய் நிற்பது 'மோல்' என்னும் அலகு. ஒரு பொருளின் மூலக்கூறு நிறையைக் கிராமில் எடுத்துக்கொண்டால் அது ஒரு மோல் ஆகும். கால்சியத்தின் அணுநிறை 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1 எனக் கொண்டால்,

கால்சியம் கார்பனேட்: 40 + 12 + (3 × 16) = 100 கிராம்
கால்சியம் ஆக்சைடு: 40 + 16 = 56 கிராம்
கார்பன் டை ஆக்சைடு: 12 + (2 × 16) = 44 கிராம்

100 = 56 + 44. காளவாயில் காணாமற்போன 44 பங்கு இங்கே கிடைத்துவிடுகிறது. விகிதம் மாறாது என்பதால் கிராமுக்குப் பொருந்துவது கிலோகிராமுக்கும் டன்னுக்கும் பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

வினைபடுபொருள்கள், விளைபொருள்கள் ஆகியவற்றின் அளவுத்தொடர்பை ஆராயும் துறை 'வேதிவினைக்கூறு விகிதம்' எனப்படும். இதற்குரிய 'ஸ்டாய்க்கியோமெட்ரி' என்ற சொல்லை ஜெர்மானிய வேதியியலாளர் ஜெரெமியாஸ் ரிக்டர் 1792இல் வழங்கினார். 'தனிமம்' என்றும் 'அளத்தல்' என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் இணைப்பு அது.

ஒரு காளவாயின் கணக்கு

ஏரியிலிருந்து வரும் கிளிஞ்சல் முற்றிலும் தூயதன்று. ஈரமும் சேறும் ஒட்டியிருக்கும். ஓட்டிலேயே சிறிதளவு புரதப்பொருளும் உண்டு. ஆகவே கணக்கின் முதற்படி, தராசு காட்டும் எடையில் உண்மையான வினைபடுபொருள் எவ்வளவு என அறிவதாகும்.

500 கிலோகிராம் கிளிஞ்சல் காளவாயில் இடப்படுகிறது எனவும், அதில் 90 விழுக்காடு கால்சியம் கார்பனேட் எனவும் கொள்க.

தூய கால்சியம் கார்பனேட்: 500 × 90 ÷ 100 = 450 கிலோகிராம்
கிடைக்க வேண்டிய கால்சியம் ஆக்சைடு: 450 × 56 ÷ 100 = 252 கிலோகிராம்
வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு: 450 × 44 ÷ 100 = 198 கிலோகிராம்

252 + 198 = 450. வரவும் செலவும் ஒத்துள்ளன.

வெளியேறும் வளி 4,500 மோல் ஆகும். திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் வளி 22.4 லிட்டர் இடத்தை நிரப்பும். ஆகவே அதன் கனஅளவு 1,00,800 லிட்டர், அதாவது 100.8 கன மீட்டர். 6 மீட்டர் நீளமும் 5.6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடைய ஒரு வகுப்பறையை அது முழுதாக நிரப்பும். ஒரே ஒரு காளவாய்ச் சூட்டில், கண்ணுக்குப் புலப்படாமல் இவ்வளவு வளி காற்றில் கலக்கிறது.

மேற்கண்ட 252 கிலோகிராம் என்பது கணக்கு தரும் உச்ச அளவு. நடைமுறையில் எல்லாக் கிளிஞ்சலும் ஒருசீராக வேவதில்லை. ஓரங்களில் வெப்பம் குறையும். தடித்த ஓட்டின் உட்பகுதி வேகாமல் நிற்கும். மேற்கூறிய சூட்டில் உண்மையில் கிடைத்த சுட்ட சுண்ணாம்பு 226.8 கிலோகிராம் எனில்,

விளைச்சல் விழுக்காடு: (226.8 ÷ 252) × 100 = 90

குறைந்த 25.2 கிலோகிராம் ஆக்சைடுக்கு ஈடாக 45 கிலோகிராம் கார்பனேட் வேகாமல் எஞ்சியுள்ளது. எடை குறைந்தது ஏன் என்பதோடு, எவ்வளவு கிளிஞ்சல் வீணாயிற்று என்பதையும் கணக்கு காட்டிவிடுகிறது.

நீற்றும்போது

காளவாயிலிருந்து வரும் சுட்ட சுண்ணாம்பை அப்படியே கட்டடத்திற்குப் பயன்படுத்த இயலாது. அதன்மீது நீர் தெளித்தால் அது சீறி, பொரிந்து, பொடியாகும். இதனை நீற்றுதல் என்பர்.

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு
56 + 18 = 74

முந்தைய காளவாயின் விளைச்சல் முழுமையாக, 252 கிலோகிராமாக, இருந்திருப்பின், அதனை நீற்ற 252 × 18 ÷ 56 = 81 கிலோகிராம் நீர் தேவை. கிடைப்பது 333 கிலோகிராம் நீற்றிய சுண்ணாம்பு. சுட்டபோது இறங்கிய எடை, நீற்றும்போது ஓரளவு ஏறுகிறது.

இவ்வினையில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 65 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. 1 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு நீறும்போது எழும் வெப்பம் ஏறத்தாழ 1,160 கிலோஜூல். 30 டிகிரி செல்சியஸில் உள்ள 1 லிட்டர் நீரைக் கொதிநிலைக்கு உயர்த்தத் தேவைப்படுவது ஏறத்தாழ 293 கிலோஜூல். எனவே ஒரு கிலோகிராம் சுண்ணாம்பின் வெப்பம் ஏறக்குறைய நான்கு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவல்லது. சுண்ணாம்பு நீற்றுவோர் கண்ணையும் தோலையும் காத்துக்கொள்ள வேண்டியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இவ்வெப்பத்தால் நீரின் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஆதலால் கணக்கு கூறும் 81 கிலோகிராமுக்கு மேலாகவே நீர் விடுதல் வேண்டும்.

குறைவது எது?

நீர் போதாமற்போனால் என்ன நிகழும்? 28 கிலோகிராம் கால்சியம் ஆக்சைடுடன் 7.2 கிலோகிராம் நீர் மட்டும் வினைபுரிகிறது எனக் கொள்க.

கால்சியம் ஆக்சைடு: 28,000 ÷ 56 = 500 மோல்
நீர்: 7,200 ÷ 18 = 400 மோல்

சமன்பாட்டின்படி ஒரு மோல் ஆக்சைடுக்கு ஒரு மோல் நீர் தேவை. நீர் 400 மோல் மட்டுமே இருப்பதால் 400 மோல் ஆக்சைடு மட்டுமே வினைபுரியும். எடையில் மிகுந்திருப்பது எது என்பதைக்கொண்டு இதனை முடிவு செய்தல் கூடாது. மோல் எண்ணிக்கையை ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். இங்கு முதலில் தீர்ந்துபோகும் நீரே வினையின் எல்லையை வகுக்கிறது. அதனால் அது 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி' எனப்படும்.

உண்டாகும் நீற்றிய சுண்ணாம்பு: 400 × 74 = 29,600 கிராம் = 29.6 கிலோகிராம்
நீறாமல் எஞ்சும் ஆக்சைடு: 100 × 56 = 5,600 கிராம் = 5.6 கிலோகிராம்

28 + 7.2 = 35.2, 29.6 + 5.6 = 35.2. கணக்கு சரியே. ஆனால் கட்டடம் சரியாக இராது. நீறாத 5.6 கிலோகிராம் காரையோடு கலந்து சுவரில் ஏறிவிடும். பின்னர் மழை ஈரமோ காற்றின் ஈரமோ பட்டவுடன் அது சுவருக்குள்ளேயே நீறத் தொடங்கும். நீறும்போது பருக்கும், பருத்தால் பூச்சு பொரிந்து உதிரும். பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பைத் தொட்டியிலிட்டுப் பல நாள் நீரில் ஊறவைத்தமைக்கு இது ஒரு காரணம். மோல் என்ற சொல்லை அவர்கள் அறியார்; நீர் ஒருபோதும் குறைவுபடலாகாது என்பதைத் தொழிலால் அறிந்திருந்தனர்.

சுவரில் திரும்பும் கிளிஞ்சல்

நீற்றிய சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்ட பின்பும் வினை முடிவதில்லை. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஏற்று இறுகுகிறது.

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்
74 + 44 = 100 + 18

இங்கு விளைவது மீண்டும் கால்சியம் கார்பனேட். அதாவது கிளிஞ்சலின் பொருளே. 333 கிலோகிராம் நீற்றிய சுண்ணாம்பு முழுமையாக இறுகினால் 198 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடை ஏற்று, 450 கிலோகிராம் கார்பனேட்டாகும். 81 கிலோகிராம் நீர் வெளியேறும். காளவாயில் பிரிந்த வளியின் அளவும், நீற்றும்போது சேர்ந்த நீரின் அளவும் எண் பிசகாமல் திரும்பி வருவதைக் காணலாம். இச்சுழற்சி விரைவாக நிகழ்வதன்று. தடித்த சுவரின் உட்புறம் இறுகப் பல ஆண்டுகள் ஆகும்.

எனினும் இக்கணக்கில் ஒரு செலவு விடுபட்டுள்ளது. அது எரிபொருள். ஒரு மோல் கார்பனேட்டைச் சிதைக்க ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு மோல் கார்பன் எரிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 394 கிலோஜூல். எனவே 4,500 மோல் கார்பனேட்டுக்கு, வெப்பம் சிறிதும் வீணாகாதென்று கொண்டாலும், ஏறத்தாழ 24.4 கிலோகிராம் கார்பன் எரிய வேண்டும். அதிலிருந்து ஏறத்தாழ 89.5 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு எழும். திறந்த காளவாயில் பெருமளவு வெப்பம் வீணாவதால் உண்மை அளவு இதனினும் மிகுதி. சுவர் திரும்ப ஏற்பது கிளிஞ்சலிலிருந்து பிரிந்த வளியின் அளவை மட்டுமே. கரி எரிந்து எழுந்த வளி காற்றிலேயே தங்கிவிடுகிறது. சிமெண்ட் உற்பத்தியிலும் சுண்ணக்கல் சிதையும் இதே வினை நிகழ்கிறது. அத்தொழிலின் கார்பன் வெளியீட்டில் பாதிக்கும் மேற்பட்டது எரிபொருளிலிருந்தன்றிக் கல்லிலிருந்தே பிரிகிறது.

ஏரியின் கணக்கு

வேதிக்கணக்கை முன்னோக்கிச் செய்வது போலவே பின்னோக்கியும் செய்யலாம். 1,000 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு வேண்டுமெனில் எவ்வளவு கிளிஞ்சல் வாரப்பட வேண்டும்?

விளைச்சல் 90 விழுக்காடு எனில், கணக்களவில் 1,111 கிலோகிராம் ஆக்சைடு விளைய வேண்டும். அதற்குத் தேவைப்படும் தூய கார்பனேட் 1,984 கிலோகிராம். கிளிஞ்சலின் தூய்மையும் 90 விழுக்காடு எனில், வாரவேண்டிய கிளிஞ்சல் ஏறத்தாழ 2,205 கிலோகிராம். கேட்டது ஒரு டன்; ஏரி இழப்பது இரண்டேகால் டன்னுக்குச் சற்றே குறைவு.

காளவாயைச் செம்மையாக அமைத்து விளைச்சலை 99 விழுக்காட்டிற்கு உயர்த்தினால், தேவை ஏறத்தாழ 2,004 கிலோகிராமாகக் குறையும். ஒவ்வொரு டன் சுண்ணாம்பிற்கும் 200 கிலோகிராம் கிளிஞ்சல் ஏரியிலேயே தங்கும். கணக்கறிவு இயற்கையைக் காக்கும் கருவியாகவும் அமையும் என்பதற்கு இது சான்று.

கிளிஞ்சல் படுகையை வெறும் மூலப்பொருள் குவியலாகக் கருதுதல் கூடாது. கெட்டியான ஓடுகளைப் பற்றிக்கொண்டே இளம் ஆளிகள் வளர்கின்றன. படுகையைத் தோண்டும்போது சேறு கலங்கி நீர் தெளிவிழக்கிறது. ஏரியடித் தரையில் வாழும் உயிர்கள் இடம் இழக்கின்றன. அவற்றை உண்டு வாழும் மீனும், அம்மீனை நம்பி வாழும் குடும்பமும் அடுத்தடுத்துப் பாதிக்கப்படும். மேலும், காற்றில் பெருகும் கார்பன் டை ஆக்சைடு கடல்நீரில் கரைந்து அதன் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அந்நீரில் மட்டிகள் ஓடு அமைத்தல் கடினமாகிறது. காளவாயிலிருந்து எழும் வளி, புதிய கிளிஞ்சல் உருவாவதற்கே இடையூறாகித் திரும்பி வருகிறது.

ஒரு மட்டி தன் ஓட்டை அமைக்கப் பல மாதங்கள் உழைக்கிறது. அத்தகைய ஓடுகள் படுகையாகச் சேரப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. காளவாய் அதனைச் சில நாள்களில் சுட்ட சுண்ணாம்பாக்கிவிடுகிறது. சமன்பாட்டின் இருபுறமும் எடை ஒத்திருக்கலாம், காலம் ஒத்திருப்பதில்லை. எடுக்கும் வேகம் விளையும் வேகத்தை மிஞ்சினால், எத்துணைத் துல்லியமான வேதிக்கணக்கும் அவ்விழப்பை ஈடுசெய்யாது. எடையோடு காலத்தையும் சேர்த்து எண்ணுவதே நிறைவான கணக்கு. மீன்பாட்டை முறைவைத்துப் பகிர்ந்த ஏரிக்கரை மக்களின் வழக்கத்தில் அவ்வறிவு முன்பே பொதிந்துள்ளது.

கற்பவை கற்றபின்...

1. 14 கிலோகிராம் கால்சியம் ஆக்சைடுடன் 5.4 கிலோகிராம் நீர் சேர்க்கப்படுகிறது. வினைக்கட்டுப்பாட்டுக் காரணி எது? எஞ்சும் பொருள் எவ்வளவு? கணக்கிட்டுக் காட்டுக.

2. உங்கள் ஊரில் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்ட பழைய கட்டடம் ஒன்றைக் கண்டு, பூச்சு செய்யப்பட்ட முறையை முதிய கொத்தனாரிடம் கேட்டறிந்து கட்டுரையாக்குக.

3. 'நீறு, சுண்ணம், சுதை, காரை, சாந்து' – இச்சொற்களின் பொருள் வேறுபாட்டை அகராதியின் துணைகொண்டு எழுதுக.

4. 'எடுக்கும் வேகமும் விளையும் வேகமும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.